திரையில் காட்டுவதும் கையில் கொடுப்பதும்

ஓய்வு பெறுவதால் மாட்டுங்கா அலுவலகத்தில் என் மேஜையைக் காலி செய்து கொடுத்துவிட்டேன். போகும் முன் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். நின்று பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். அதனால் இந்தப் பக்கங்கள்.

நிரல் எழுதும் நுணுக்கங்களை இதில் தேடாதீர்கள். அவற்றை நீங்கள் என்னைவிட வேகமாகப் படித்துக்கொள்வீர்கள். ஒரே ஒரு சொல்லை மாற்றியதால் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் நுழைவுத் தேர்வைத் திருத்தியது நான்தான். மூன்று பாட மதிப்பெண்களின் சராசரியைக் கணக்கிட ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதச் சொல்லியிருந்தோம். கணக்கை எல்லோரும் சரியாகவே போட்டிருந்தீர்கள். ஆனால் பாதிப் பேர் கடைசி வரியில் ‘ரிட்டர்ன்’ வர வேண்டிய இடத்தில் ‘பிரின்ட்’ என்று எழுதியிருந்தீர்கள். உங்களில் ஒரு பெண் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள்.

“ஓட்டிப் பாருங்க மேடம், ஆன்சர் ஸ்க்ரீன்ல நிக்குது. கண்ணு முன்னாடி நிக்குறதுக்கு மார்க் கிடையாதா?”

அவளுக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். வெங்காயம் வாங்கி வரச் சொல்லி ஒருவரை அனுப்புகிறீர்கள். அவரும் வாங்கிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வராமல் எதிர் பில்டிங் பால்கனியில் நின்று, “இதோ பாருங்க, வெங்காயம்” என்று தூக்கிக் காட்டுகிறார். நல்ல வெங்காயம்தான். கண்ணுக்குத் தெரிகிறது. சாம்பாரில் போட முடியாது. பிரின்ட் என்பது அவ்வளவுதான்; மனிதர் கண்ணுக்குக் காட்டுவது. ரிட்டர்ன் என்பது கேட்டவர் கையில் கொண்டுவந்து கொடுப்பது. இங்கே கேட்டவர் என்பது இன்னொரு நிரல். அதற்குக் கண் கிடையாது. கையில் கொடுத்தால்தான் அதற்குக் கிடைக்கும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்கும்போது, காட்டினாலும் கொடுத்தாலும் திரையில் ஒரே எண்தான் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் அப்போது தெரியாது. அடுத்த வேலைக்கு அந்த எண் தேவைப்படும்போதுதான் தெரியும்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் எனக்குப் பேச்சியம்மாளின் ஞாபகமாகவே இருந்தது.

செம்பூரில் நம்மிடம் மென்பொருள் வாங்கிய ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஓர் எண்ணாகக் கணக்கிட்டு, நோயாளியின் ரிப்போர்ட்டில் அச்சிட வேண்டும். எண் பெரிதாக இருந்தால் நல்லது, சிறிதாக இருந்தால் கவலை. அந்தக் கணக்கைப் போடும் ஃபங்ஷனை எழுதியவர் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளைஞர். சில மாதங்களில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். உங்களைப் போலவே அவரும் கணக்கைச் சரியாகப் போட்டு, கடைசி வரியில் பிரின்ட் எழுதியிருந்தார். எண் திரையின் மேல் பாதியில் இருந்த கறுப்பு ஜன்னலில் வந்து நின்றது. கீழ்ப் பாதியில் இருந்த ரிப்போர்ட்டுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. அங்கே அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

காலிக் கட்டத்தைப் பற்றி நமக்கு ஒரு புகார்கூட வரவில்லை. அது தவறு என்றே அங்கே யாருக்கும் தோன்றவில்லை. மென்பொருளை நிறுவப் போனவர், மேலே வரும் எண்ணைப் பார்த்துக் கீழே டைப் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கம்ப்யூட்டர் கணக்குப் போடும், ஆள் எடுத்து எழுத வேண்டும், இதுதான் முறை போலிருக்கிறது என்று அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகள் பெருகியதும் அந்த வேலைக்கென்றே ஓர் ஆளைப் போட்டார்கள். அவர்தான் பேச்சியம்மாள்.

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தது ஒரு நெருக்கடியில்.

இரண்டு பேருடைய எண்கள் மாறிப்போய்விட்டன. தேவ்நாரில் இருக்கும் திடகாத்திரமான ஒரு பெரியவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதாக ரிப்போர்ட் போயிருந்தது. வீட்டில் அழுகையும் கூச்சலுமாகிவிட்டது. உண்மையில் கெட்டுப்போயிருந்த வேறொரு பெண்மணிக்கு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போயிருந்தது. அந்தப் பெண்மணியின் டாக்டர் சந்தேகப்பட்டு போன் செய்ததால் விஷயம் அன்றைக்கே வெளியே வந்தது. இருவரையும் திரும்ப வரவழைத்து மறுபடி சோதித்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெரியவரின் மகன் போலீசுக்குப் போவேன் என்று கவுன்டரில் நின்றுகொண்டிருந்தார்.

நம் முதலாளி என்னைப் போகச் சொன்னார். லோக்கல் ரயிலில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கினேன்.

நான் உள்ளே போனபோது மேனேஜர் அறையில் ஒரு பெண் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மேனேஜர் மராட்டிக்காரர், கெட்ட மனிதர் இல்லை, பயந்துபோயிருந்தார். “கல்தி இஸ்கா ஹை, மேடம். ஆப் லிக் கே தே தோ” என்றார். தவறு இவளுடையது, மென்பொருளில் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணை வேலையைவிட்டு நிறுத்தினால் மகனிடம் பதில் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, “உங்க பேர் என்ன?” என்று தமிழில் கேட்டேன். கழுத்தில் தாலி இல்லாமல் கிடந்த வெறும் கறுப்புக் கயிற்றையும், அவர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததையும் வைத்துத் தமிழ்ப் பெண் என்று யூகித்துவிட முடிந்தது.

“பேச்சியம்மா. தாராவி. யக்கா, நீங்க தமிழா?” அவர் முகமே மாறிவிட்டது. “இந்தாளுகிட்ட என் இந்தி பத்தல யக்கா. நான் சொல்லுதத பாதிலேயே நிப்பாட்டுதாரு. நான் பாக்காம போடல. பாத்துதான் போட்டேன். கண்ணால பாத்தத தப்புன்னு எப்படிச் சொல்லுவேன்?”

“எப்படிப் போடுவீங்கன்னு எனக்கு உட்கார்ந்து காட்டுங்க.”

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் விட்டார். பேச்சியம்மாள் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். உட்காரும்போது இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் உட்கார முடிந்தது. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன என்றார். இந்த நாற்காலிக்கு முன் அவர் அதே இடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர். கணவர் இறந்த பிறகு அந்த வேலைக்கு வந்தார். குனிந்து துடைக்க முடியாமல் வேலையை விடும் நிலையில் இருந்தபோதுதான் இந்த இடம் கிடைத்திருக்கிறது.

“மேல பாத்து கீழ போடுத வேல. எண்ணு தெரிஞ்சா போதும்னாங்க. எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கேம்லா, இங்கிலீசு எழுத்தும் தெரியும்” என்றார். பக்கத்தில் சாம்பிள் டியூப்களை அடுக்கிக்கொண்டிருந்த பையன், “கிட்னி ஆன்ட்டிக்கு எல்லாம் தெரியும்” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். “போடா, உன் கிட்னிய ஒரு நா நான் பூச்சியம்னு போட்டு அனுப்புதேன்” என்று அவர் தமிழில் திட்டினார். அவனுக்குப் புரியவில்லை, சிரிப்பு மட்டும் புரிந்தது. தாராவியில் அக்கம்பக்கத்தார் தங்கள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் வருவார்களாம். “எனக்கு நம்பர் போடத்தான் தெரியும், நோக்காடு தெரியாதுன்னா நம்ப மாட்டாவ யக்கா. கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கியே, சொல்லேன்னுதாவ.”

கறுப்பு ஜன்னலில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திருந்தன. பெயர் இல்லை, வெறும் எண்கள். அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரைமேல் குறுக்காக வைத்து, வரி வரியாக இறக்கி, கீழே இருந்த பெயர்களுக்கு நேராக ஒவ்வொன்றாக டைப் செய்தார். ஒருமுறை டைப் செய்துவிட்டு, மறுபடி மேலே பார்த்து உறுதி செய்துகொண்டுதான் அடுத்த வரிக்குப் போனார். அவசரமே இல்லை.

எனக்கு அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது. அன்று ஒரு சாம்பிளை இயந்திரம் மறுபடி சோதித்திருக்கிறது. அதனால் அந்த நோயாளியின் எண் அடுத்தவருடைய எண்ணுக்குப் பிறகு திரையில் வந்திருக்கிறது. கீழே பெயர்கள் பழைய வரிசையிலேயே இருந்தன. வெறும் எண்ணைப் பார்த்து யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பேச்சியம்மாள் பார்த்துத்தான் போட்டிருக்கிறார். அவர் பார்த்ததே வரிசை மாறிக் கிடந்தது.

வராந்தாவுக்கு வந்து முதலாளிக்கு போன் செய்தேன். ஃபங்ஷன் எண்ணைத் திரையில் காட்டுகிறதே தவிர ரிப்போர்ட்டுக்குக் கொடுக்கவில்லை, ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் இருக்கிறது என்றேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “அந்தம்மா மாத்திப் போட்டது உண்மைதானே?” என்றார்.

“உண்மைதான் சார்.”

“அப்போ அதை மட்டும் எழுதிக் கொடுத்துட்டு வா. பொய் சொல்லச் சொல்லலை. கேக்காததைச் சொல்ல வேண்டாம்னு சொல்றேன். இந்த கான்ட்ராக்ட் போச்சுன்னா, அதுக்குன்னு வெச்சிருக்கற நம்ம ஆளுங்க ரெண்டு பேருக்கு நான் எந்த வேலையைக் குடுக்கறது?”

இதை உங்களுக்கு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாளை உங்களிடமும் யாராவது இப்படிச் சொல்வார்கள். சொல்பவர் வில்லனாக இருக்கமாட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஒருவர் சொல்லியிருந்தார்: சுற்றி நாலு பேர் அவசரப்படுத்தும்போது உனக்கு எது தெரியுமோ அதை முதலில் சொல்லிவிடு, சாமர்த்தியமாக யோசிக்க ஆரம்பித்தால் அப்புறம் அதைச் சொல்ல இடமே கிடைக்காது. அவர் இப்போது இல்லை. அன்று வராந்தாவில் அவர் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே திரும்பியபோது பேச்சியம்மாள் எழுந்து நின்றிருந்தார். “யக்கா, வேல போனா போவுது. ஆனா கவனமில்லாம போட்டுட்டான்னு சொல்லி அனுப்புனா, எங்க தெருவுல நான் எப்படித் தல தூக்கி நடப்பேன்? அந்தப் பெரியவரு வீட்டுல அழுதாவளாம்லா. என்னாலதான்னு ஆயிப்போவும். என் மேல தப்பில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்.”

நான் மேனேஜரிடம் மென்பொருளில்தான் பிழை என்றேன். எழுதியும் கொடுத்தேன். எண்ணை ஆள் எடுத்து டைப் செய்ய வேண்டிய அவசியமே இருந்திருக்கக் கூடாது, அது தானாகவே ரிப்போர்ட்டில் விழுந்திருக்க வேண்டும், இந்த அம்மாள் மீது எந்தக் குற்றமும் இல்லை என்று இந்தியில் இரண்டு முறை சொன்னேன். பேச்சியம்மாளுக்கு முழுவதும் புரிந்திருக்காது. கடைசி வாக்கியம் புரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேனேஜருக்கு முழுவதும் புரிந்தது. தாளைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தார். பெரியவரின் மகனுக்குச் சொல்ல அவருக்கு இப்போது வேறு பதில் கிடைத்துவிட்டது. அந்த நிம்மதியில் என்னைக் கேட்டார்.

“சரி செய்ய எவ்வளவு நாளாகும்?”

“ஒரு சொல்லை மாற்ற வேண்டும். சோதித்துப் பார்க்க ஒரு நாள்.”

“தோ ஃபிர் இஸ்கா காம் க்யா ரஹா?” அப்படியானால் இவளுக்கு என்ன வேலை மிச்சம்?

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பேச்சியம்மாள் இன்னும் என் கையை விடவில்லை.

அடுத்த இரண்டு நாட்களில் என்னால் முடிந்ததைச் செய்தேன். கம்ப்யூட்டர் போடும் எண்ணை ஒரு மனிதர் ஒருமுறை பார்ப்பது நல்லது என்று மேனேஜரிடம் வாதாடினேன். அதை டாக்டர் பார்ப்பார் என்றார். கவுன்டரில் போடச் சொன்னேன். அங்கே மராட்டி நன்றாகப் பேச வேண்டும் என்றார். மாட்டுங்காவில் நம் அலுவலகத்திலேயே ஏதாவது கொடுக்கலாமா என்று முதலாளியைக் கேட்டேன். கான்ட்ராக்ட் போகவில்லை என்ற மகிழ்ச்சியில் இருந்தவர்கூட, “நமக்கு எதுக்கும்மா?” என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியும் நியாயமானதுதான்.

புதிய வடிவத்தை ஓட விடுவதற்கு முன் பழையதையும் புதியதையும் ஒரு நாள் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நம் வழக்கம். பழைய ஜன்னலிலிருந்து எண்ணையும் பெயரையும் பிசகில்லாமல் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். மேனேஜர் பேச்சியம்மாளையே உட்காரச் சொன்னார். அவர் பழைய திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் புதிய ரிப்போர்ட்டைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது முடிந்தால் தன் நாற்காலி போய்விடும் என்று பேச்சியம்மாளுக்குத் தெரிந்திருந்தது. முந்தின நாள் நானே சொல்லியிருந்தேன்.

ஆரம்பிப்பதற்கு முன், “அந்தச் சொல்லக் காட்டுங்க யக்கா” என்றார். காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். “இத்துனூண்டா?” என்றார்.

பிறகு தொடங்கினோம்.

“எம்பத்திரெண்டு.”

“எண்பத்திரண்டு.”

“நூத்தி நாலு.”

“நூத்தி நாலு.”

“முப்பத்தொண்ணு. பாவம், யாரு பெத்த புள்ளையோ.”

“முப்பத்தொண்ணு.”

இப்படியே போனது. டியூப் அடுக்கும் பையன் கொஞ்ச நேரம் பின்னால் நின்று கேட்டுவிட்டு, இரண்டு மாமிகள் தாயம் விளையாடுவது போல இருக்கிறது என்ற அர்த்தத்தில் ஏதோ கேலி செய்துவிட்டுப் போனான். பாதி முடியும்போது எனக்கே ஒன்று தெரிந்தது: ஒரு எண்ணாவது பொருந்தாமல் போகாதா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தும் என் சொந்த நிரல் தப்பாக வரட்டும் என்று நினைத்தது அன்று ஒரு நாள்தான்.

“நில்லுங்க, நில்லுங்க” என்றார் பேச்சியம்மாள். “எனக்கு அறுவத்தி ஏழு. நீங்க என்ன சொன்னிய?”

“எழுபத்தாறு.”

அவர் மேஜையைப் பிடித்து எழுந்து என் பக்கம் வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தார். விரலை வைத்துக் காட்டினார். அறுபத்தேழுதான் இருந்தது. நான்தான் மாற்றிப் படித்திருக்கிறேன்.

“பாத்தியளா! படிச்சவங்களுக்கே மாறுதுல்லா!” என்று வாய்விட்டுச் சிரித்தார். என் தோளில் செல்லமாக ஓர் அடியும் விழுந்தது. அந்தச் சிரிப்போடே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, “ம், அடுத்தது, தொண்ணூறு” என்றார். சரியாக இருக்கிறது என்று சொல்லாமல் விட்டிருக்கலாம். தப்பு என்றே சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வாரமாவது நாற்காலி இருந்திருக்கும். அவருக்கு அது தோன்றியதா, தோன்றியும் செய்யவில்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

முடித்ததும் மேனேஜர் வந்து, “சப் டீக்?” என்று கேட்டார். எல்லாம் சரியா?

“டீக் ஹை சாப்” என்றார் பேச்சியம்மாள். “ஒண்ணும் தப்பில்ல.” பிறகு அதே குரலில், “கல் கிதர் பைட்னே கா?” என்று கேட்டார். நாளைக்கு எங்கே உட்கார வேண்டும்?

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

டியூப் கழுவும் இடம் கொடுத்தார்கள். அது நின்றுகொண்டே செய்யும் வேலை. கழுவும் தொட்டி உயரமாக இருந்ததால் ஸ்டூல் போட்டும் பயனில்லை. மழைக்காலம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டார் என்று அந்தப் பையன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் நீங்கள் மாற்றாமல் விட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா மேடம் என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். இல்லை. இன்று போனாலும் மாற்றத்தான் செய்வேன். வரிசை மாறிய எண் இன்னொரு நாள் இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கும். அப்போது போன் செய்ய ஒரு டாக்டர் இல்லாமலும் போயிருக்கலாம். கணக்கிடும் ஃபங்ஷன் விடையைக் கொடுக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நான் சொல்ல விரும்புவது வேறு. காட்டிவிட்டு நின்றுவிடும் நிரலைப் பார்த்தால், அந்த எண் எப்படி அடுத்த இடத்துக்குப் போகிறது என்று பாருங்கள். போகாமல் இருக்காது, யாரோ ஒருவர் அதைச் சுமந்துகொண்டு போவார். புகார் வரவில்லை என்றால் பிழை இல்லை என்று பொருள் அல்ல. அந்தப் பிழையின்மேல் ஒருவர் உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் சோம்பேறித்தனமாக ஒரு பிரின்ட் எழுதும்போது அவருக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுக்கிறீர்கள். பிறகு ஒரு நாள் வந்து சரி செய்யும்போது அதை எடுத்துக்கொள்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. முதல் நாளே ரிட்டர்ன் எழுதியிருந்தால் அந்த நாற்காலி இருந்தே இருக்காது. பேச்சியம்மாள் அதை நம்பி முட்டியைத் தேற்றிக்கொண்டிருக்கவும் மாட்டார். அது அவருக்கு நல்லதாக இருந்திருக்குமா, கெட்டதாக இருந்திருக்குமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

செம்பூர் விவகாரம் முடிந்ததும், அதே இளைஞர் எழுதிய நிரல்கள் வேறு எங்கெல்லாம் ஓடுகின்றன என்று தேடிச் சரி செய்யும் பொறுப்பை முதலாளி என்னிடம் கொடுத்தார். நான் ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலையாக இருந்தது.

அந்தத் தேடலின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் போன் செய்தார். பின்னால் தாராவித் தெருவின் சத்தம். யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டிலேயே பைகளுக்கு ஜிப் தைத்துக் கொடுப்பதாகவும், உட்கார்ந்தே செய்வதால் முட்டி பரவாயில்லை என்றும், ஆனால் வேலை தினமும் வருவதில்லை என்றும் சொன்னார். என் உடம்பை விசாரித்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“யக்கா, நீங்க நெறைய ஆபீசுக்குப் போறியள்லா. வேற எங்கயாவது அந்த மாதிரி கம்ப்யூட்டரு இருக்கா?”

“எந்த மாதிரி?”

“நம்பரக் காட்டிட்டு சும்மா நிக்குமே, அது. எனக்கு அந்த வேல நல்லா வரும். சொல்லிவிடுங்க, நான் வாரேன்.”

“பாத்துச் சொல்றேன் பேச்சியம்மா” என்றேன்.

ஒன்று இருந்தது. வடாலாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கு. அங்கேயும் ஒருவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து மேலே பார்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்; பெயர் அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நான் அதைச் சரி செய்யத்தான் போக வேண்டியிருந்தது.